ஒளித்துப் போடும் ஊசி

எங்கள் பகுதியில் 'சீனி வருத்தம்' என்பது வயது போனவர்களின் சொத்து. அறுபது வயதுக்காரர் ஒருவர் கல்யாண வீட்டில் இருந்துகொண்டு, "எனக்குச் சீனி, தேத்தண்ணி வெறுமனே தாங்க" என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொல்லலாம். அதில் ஒரு பெருமிதம் கூடத் தொனிக்கும். அதே பந்தலில் பதினான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி அதே வார்த்தைகளைச் சொல்லிவிட முடியாது. வாயெடுத்தால் தாயின் கை அவளது முழங்கையைக் கிள்ளும்.

வளரிளம் பருவத்தில் முதலாம் வகை நீரிழிவோடு வாழும் பிள்ளைகள் ஏன் சலித்துப்போகிறார்கள், ஊசியையும் பரிசோதனையையும் ஏன் இடையில் கைவிடுகிறார்கள் என்ற கேள்விக்கு மருத்துவ நூல்கள் பல விடைகளைத் தருகின்றன. நான் மருத்துவன் அல்லன். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், நெடுங்காலம் செய்தி சேகரித்துத் திரிந்தவன் என்ற வகையில் எனக்குப் படும் முதன்மையான விடை, மேலே சொன்ன அந்தக் கிள்ளல்தான். ஒளித்து வைக்கும்படி நாமே கற்றுக்கொடுத்த ஒரு நோயை எந்தப் பிள்ளையும் அக்கறையோடு பராமரிக்காது.

நோயைப் பற்றி முதலில் சிறிது சொல்லவேண்டும். முதலாம் வகை நீரிழிவு இனிப்பு அதிகம் உண்டதால் வருவதன்று. பெற்றோர் வளர்த்த முறையால் வருவதுமன்று. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே, சதையியில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களைப் பகையென்று எண்ணி அழித்துவிடுகிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் இரண்டாம் வகையில் இன்சுலின் இருக்கும், ஆனால் போதியளவு வேலை செய்யாது. முதலாம் வகையிலோ அது ஏறக்குறைய இல்லாமலே போகிறது. ஆகவே பாகற்காய்ச் சாறு, கொத்தலஹிம்புட்டு மரக்கோப்பையில் ஊறிய தண்ணீர், கோயில் நேர்த்திக்கடன் ஆகிய எதுவும் ஊசிக்கு ஈடாகா. நேர்த்திக்கடன் வைக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை; ஊசியையும் போட்டுக்கொண்டு வைக்கட்டும். ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாட்களிலேயே குருதி அமிலத்தன்மை அடைந்து, பிள்ளை வாந்தியும் மூச்சிரைப்புமாக மயங்கிவிடும். வைத்தியசாலைக்குப் பிந்திப் போனால் உயிர் மிஞ்சாது.

ஒரு காலத்தில் முந்திப் போனாலும் மிஞ்சாது. 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆந் திகதி ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்ட லெனார்ட் தொம்சன் என்ற சிறுவனுக்கு வயது 14. நிறை 30 கிலோவுக்கும் குறைவு. முதல் ஊசி சரிவரவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, சுத்திகரிக்கப்பட்ட மருந்தை ஏற்றியபோதுதான் அவன் தேறினான். அதன்பின் 26 வயது வரை வாழ்ந்தான். ஆக, இந்த மருந்தின் வரலாறே ஒரு வளரிளம் பிள்ளையோடுதான் தொடங்குகிறது. அதே பருவத்துப் பிள்ளைகளே இன்று அதைப் போடுவதற்கு மிகவும் சலித்துக்கொள்பவர்களாகவும் இருக்கிறார்கள்.

"சின்ன வயசில நல்லாத்தான் இருந்தா. பெரியபிள்ளை ஆனதுக்குப் பிறகுதான் இப்பிடி." தாய்மார் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிள்ளைக்குத் திமிர் பிடித்துவிட்டது என்பது இதன் உட்பொருள். உண்மையில் பாதிக் குற்றம் பிள்ளையினுடையது அன்று, பருவத்தினுடையது. பூப்புப் பருவத்தில் வளர்ச்சி ஓமோன் பெருகுகிறது. அது இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. நேற்றுவரை போதுமாக இருந்த அளவு இன்று போதாது. ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு 1 அலகையும் தாண்டி இன்சுலின் தேவைப்படுவது இப்பருவத்தில் வழமையே. பிள்ளை முன்பு செய்ததையே செய்துகொண்டிருக்கும். மானி மட்டும் 280, 310 என்று காட்டும். அத்தோடு எங்கள் வழக்கம் வேறு சேர்ந்துகொள்கிறது. பெண்பிள்ளை சாமத்தியப்பட்டவுடன் நல்லெண்ணெய், முட்டை, உளுத்தங்களி என்று ஊட்டித் தள்ளுகிறோம். இன்சுலின் தேவை ஏறும் அதே கிழமையில் சர்க்கரை போட்ட களியும் ஏறுகிறது. நல்லெண்ணெயையும் முட்டையையும் நான் குறை சொல்லவில்லை. களியைத்தான் யோசிக்கவேண்டும், அல்லது களிக்கேற்ப ஊசியின் அளவை வைத்தியரிடம் கேட்டு மாற்றவேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை நடந்த பெரும் ஆய்வொன்று இவ்விடயத்தில் என் மனத்தை மாற்றியது. 1,441 பேர் பங்குகொண்டனர். அவர்களுள் 195 பேர் 13 முதல் 17 வயது வரையான பிள்ளைகள். குருதிச் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண் நோய் 76 வீதம் வரை குறையும் என்று உலகுக்கு நிறுவியது அந்த ஆய்வுதான். ஆனால் அதில் இன்னொரு செய்தியும் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பெரியவர்களின் மூன்று மாதச் சராசரி சுமார் 7 வீதத்துக்கு இறங்கியது. பிள்ளைகளுடையது சுமார் 8இல் நின்றுவிட்டது. தனித் தாதி, உணவு ஆலோசகர், உளவியலாளர், இலவச உபகரணங்கள், ஓயாத தொலைபேசி விசாரிப்பு எல்லாம் இருந்தும் அந்தப் பிள்ளைகளால் முடிந்தது அவ்வளவுதான். அப்படியிருக்க, கொக்கட்டிச்சோலையிலோ வவுணதீவிலோ அரைப்பெட்டி ஸ்ட்ரிப்பை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டும் பிள்ளையைப் பார்த்து "உனக்குப் பொறுப்பில்லை" என்று சொல்வதற்கு நமக்கு என்ன தகுதி?

நிற்க. ஒளிப்பு என்று சொன்னேன். அது இரண்டு விதம். ஊருக்கு ஒளிப்பது ஒன்று, வீட்டுக்கே ஒளிப்பது மற்றொன்று. இரண்டாவதை முதலில் பார்ப்போம்.

கிளினிக்குக்குக் கொண்டுபோகும் கொப்பியைப் புரட்டினால் சில பிள்ளைகளின் கணக்குகள் அதிசயமாக இருக்கும். ஒரு மாதம் முழுக்க 110, 125, 118, 130. எல்லாம் ஒரே பேனையில், ஒரே சாய்வில், முதல்நாள் இரவு எழுதியவை. வைத்தியரும் அறிவார், தாயும் அறிவார். பிள்ளைகள் மட்டும் இப்படிச் செய்வதாக எண்ணவேண்டாம். 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நினைவில் பதிந்துவைக்கும் மானிகளை அந்த விடயம் சொல்லாமல் நோயாளருக்குக் கொடுத்து, பின்னர் அவர்கள் எழுதிய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இல்லாத இலக்கங்கள் எழுதப்பட்டிருந்தன. இருந்த உயர்ந்த இலக்கங்கள் விடுபட்டிருந்தன. அவர்கள் வளர்ந்த மனிதர்கள்.

ஏன் பொய் எழுதுகிறார்கள்? பாடசாலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "என்ன புள்ள, எவ்வளவு காட்டினது?" என்று கேட்கிறோம். 120 என்றால் முகம் மலர்கிறது. 290 என்றால், "என்னத்தத் தின்ட நீ?" ஒரு நாளைக்கு நான்கு தடவை இந்த விசாரணை. வருடத்துக்கு ஆயிரத்து நானூற்றுக்கு மேல். பரீட்சைப் புள்ளியைப் போல இலக்கத்தைப் பார்க்கும் வீட்டில், பெயில் ஆகும் பரீட்சைக்குத் தோற்றாமல் விடுவதே பிள்ளைக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆகவே பரிசோதிக்காமல் விடுகிறது. நாம் அதைச் சோம்பல் என்கிறோம்.

290 என்பது ஒரு செய்தி மட்டுமே. வானிலை அறிக்கையைப் போன்றது. கச்சான் காற்று அடிக்கிறது என்றால் தோணிக்காரனை ஏசுவோமா? என்ன செய்யலாம் என்று பார்ப்போம். "சரி, 290. மத்தியானம் என்ன சாப்பாடு? எத்தனை அலகு கூட்டலாம் என்று வைத்தியர் சொன்னவர்?" என்று கேட்கும் வீட்டில் பொய் எழுத வேண்டிய தேவையே இல்லை.

"விழிப்புலன் போகும், கால் எடுப்பார்கள், சிறுநீரகம் போகும்" என்று பயமுறுத்துவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. பதினைந்து வயதில் நாற்பது வயது என்பது கண்ணுக்கெட்டாத தூரம். அந்தத் தூரத்துப் பூதத்தைக் காட்டினால் பிள்ளைக்கு வருவது ஊக்கமன்று, 'எப்படியும் நான் சாகத்தானே போகிறேன்' என்ற வெறுப்பு. அமெரிக்காவின் ஜொஸ்லின் நிலையம் ஐம்பது ஆண்டுகள் இன்சுலினோடு வாழ்ந்தவர்களுக்கு 1970ஆம் ஆண்டு முதல் பதக்கம் வழங்கி வருகிறது. இதைச் சொல்லுங்கள். கிரிக்கெட் பார்க்கும் பையன் என்றால் வசீம் அக்ரமைச் சொல்லுங்கள். 1997இல் நீரிழிவு கண்டறியப்பட்டு, இன்சுலின் போட்டுக்கொண்டே விளையாடி, 2003 உலகக் கிண்ணத்தில் ஒருநாள் போட்டிகளின் 500ஆவது விக்கெட்டை எடுத்தவர். அதை அவர் ஒளித்ததும் இல்லை.

இனி ஊருக்கு ஒளிப்பது. இதன் வேர் கல்யாணம். "பொம்புளப் புள்ள, நாளைக்கு ஒரு இடம் வர வேணாமா?" இந்த ஒரு வசனத்தால் எத்தனை பிள்ளைகள் பாடசாலைக் கழிவறையில், வாளியின் விளிம்பில் சிரிஞ்சை வைத்து ஊசி போட்டுக்கொள்கிறார்கள்! ஆண்பிள்ளைக்கு இவ்வளவு கட்டுக்காவல் இல்லை. ஆனால் விஞ்ஞானம் சொல்வது வேறு. தாய்க்கு முதலாம் வகை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 2 முதல் 4 வரை. தந்தைக்கு இருந்தால் சுமார் 6. மறைக்கத்தான் வேண்டுமென்றால் மாப்பிள்ளையின் வீட்டாரே மறைத்திருக்க வேண்டும்! பந்தலில் பெருமையோடு வெறும் தேத்தண்ணி கேட்டாரே, அவருடைய இரண்டாம் வகை பிள்ளைகளுக்கு இறங்கும் வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு. அவருடைய மகனுக்குப் பெண் கேட்டுப் போகும்போது யாரும் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பெண் கருத்தரிக்கலாம், பிள்ளை பெறலாம். உலகெங்கும் பெறுகிறார்கள்.

ஒளித்தும் நன்றாக வாழ்ந்தவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். அமெரிக்க இராஜாங்கச் செயலாளராக இருந்த சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத், 1922 ஓகஸ்டில், பதினைந்து வயதை எட்டும் தறுவாயில், பான்ரிங்கிடம் கொண்டுவரப்பட்டாள். பட்டினி வைத்தியத்தில் எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளை. பின்னர் திருமணம் செய்து, பிள்ளைகள் பெற்று, நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகள் போட்டு, 1981இல் 73ஆவது வயதில் காலமானார். வாழ்நாளில் பெரும்பகுதி நோயை வெளியே சொல்லவில்லை. ஆனால் அவருக்கு இளமையில் தனித் தாதி இருந்தார், தனி அறை இருந்தது, இரகசியத்தைக் காக்கப் பணம் இருந்தது. இரண்டறை வீட்டில் ஐவரோடு வாழும் பிள்ளை தன் ஊசியை யாருக்கு எங்கே ஒளிப்பது? ஒளிக்க முடியாதபோது அது செய்வது ஒன்றுதான்: ஊசியைத் தவிர்ப்பது.

தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். உடல் பருக்கிறது என்று அஞ்சி இன்சுலினைக் குறைக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். இது அடம்பிடிப்பு அன்று, உயிராபத்தான ஒரு நோய்நிலை. மருத்துவ உலகம் நன்கறிந்தது. சந்தேகம் வந்தால் ஏசாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் படித்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். பத்தாந்தரம் வரை வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. காலையில் ஆறரைக்குப் போடும் கலப்பு இன்சுலின் நண்பகலை அண்டி வேகம் கொள்ளும். பாடசாலை ஒன்றரைக்கு விடும். இரண்டு மணிக்கு ரியூசன். இடையில் சாப்பாடு இல்லை, ஏனெனில் எல்லோரும் சாப்பிடாமல்தான் போகிறார்கள், அவள் மட்டும் சாப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஒருநாள் கணித வகுப்பில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி விழுந்தாள். பேய் பிடித்துவிட்டது என்று ஒருவர் சொல்ல, தண்ணீர் தெளித்தார்கள். பக்கத்து வீட்டுத் தாதி ஒருவர் தற்செயலாக வந்ததால் பிழைத்தாள். சீனி குறைந்து நினைவோடு இருக்கும் பிள்ளைக்கு வேண்டியது மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர்; நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே வைத்தியசாலை. இதை வகுப்பில் யாராவது ஒருவர் அறிந்திருந்தால் அந்தக் கூத்தே நடந்திராது.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரகசியம் உடைந்தது. தாய் இரண்டு நாள் அழுதார். தோழிகள் மூவர், யாரும் சொல்லாமலே, மேசையில் டொபி வைத்திருக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி மானியைப் பிடிக்கப் பழகினாள். "இண்டைக்கு நான் பாக்கிறன்" என்று சண்டை கூடப் பிடித்தார்கள். அந்தப் பிள்ளையின் மூன்று மாதச் சராசரி குறைந்தது என்று தாய் பின்னர் சொன்னார். புதிய மருந்து ஏதும் கொடுக்கப்படவில்லை.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இல்லாமல் இல்லை. ஜொஸ்லின் நிலையத்தில் பாபரா அன்டர்சன் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 1990களில் காட்டியது, பெற்றோர் வேலையில் பங்கெடுத்துக்கொண்டே இருந்தால் வளரிளம் பருவத்துச் சரிவு தடுக்கப்படும், சண்டையும் கூடாது என்பதே. பங்கெடுப்பது என்றால் விசாரிப்பது அன்று. இரவு ஊசியைத் தாய் போட்டுவிடுவது. கொப்பியைத் தந்தை எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஓய்வு கொடுத்து எல்லாவற்றையும் பெரியவர்களே பார்ப்பது. பதின்மூன்று வயதாகிவிட்டது, இனி நீயே பார்த்துக்கொள் என்று கைவிட்ட வீடுகளில்தான் பெரும்பாலும் நிலைமை கெடுகிறது.

எங்கள் பகுதியில் பெரியவர்கள் பார்க்கவேண்டிய வேலைகள் இன்னும் உண்டு. இன்சுலின் வெயில் தாங்காது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் வெட்டப்பட்டபோது குளிர்சாதனப் பெட்டியை நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது. கென்யாவின் அகதி முகாம் ஒன்றின் வெப்பநிலையை வைத்து, எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு கிழமை வைத்திருந்தும் இன்சுலின் வீரியம் இழக்கவில்லை. அத்தகைய இடங்களில் பெட்டி இல்லாதோர் ஈரமான மண்பானையில் வைக்கிறார்கள். நமக்குப் பானை புதிதா? அடியில் ஈரமணல், நடுவில் சிறு சட்டி, அதற்குள் போத்தல் நனையாதபடி பொலித்தீன் பை, நிழலான மூலை. பாவனையில் உள்ள போத்தலுக்கு இது போதும். மேலதிகப் போத்தல்களை அருகிலுள்ள வைத்தியசாலையிலோ பாமசியிலோ குளிரில் வைக்கக் கேட்கலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் முன்னர், பாதையில் வாவியைக் கடந்து மருந்தெடுத்து வந்த காலத்தோடு ஒப்பிட்டால் இன்று கிளினிக் கிட்டத்தில்தான் இருக்கிறது. பானைக்கு மண் நனைப்பதும், கிளினிக் திகதியை நினைவில் வைப்பதும் பிள்ளையின் தலையில் இருக்கவேண்டியவை அல்ல.

இந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்திக்கவும் வேண்டும். 1925இலேயே மிச்சிகனில் வென்ட் என்ற வைத்தியர் நீரிழிவுப் பிள்ளைகளுக்கெனக் கோடைமுகாம் நடத்தத் தொடங்கிவிட்டார். கோயம்புத்தூரில் 'இதயங்கள்' அறக்கட்டளை வறிய குடும்பங்களின் முதலாம் வகைப் பிள்ளைகளைத் தேடிச் சேர்த்து உதவி வருகிறது. மட்டக்களப்பில் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. கிளினிக் நாளில் இப்பிள்ளைகளை முதியோர் வரிசையில் மூன்று மணிநேரம் இருத்தாமல், மாதத்தில் ஒரு முற்பகலை அவர்களுக்கென்றே ஒதுக்கி, ஒரு விறாந்தையில் கதிரைகளை வட்டமாகப் போட்டால் போதும். மிச்சத்தை அவர்களே பேசிக்கொள்வார்கள். வெட்டவெளியில் ஊசி போடும் இன்னொரு பிள்ளையைக் கண்ட பிள்ளை, பிறகு கழிவறைக்குப் போகாது.

புலம்பெயர்ந்து வாழும் உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் இன்சுலின் ஏற்றப்பட்ட அதே ரொறன்ரோவில் இன்று பெருந்தொகையான தமிழ்ப் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஒன்ராறியோ அரசு 2006 முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இன்சுலின் பம்புக்கு நிதி வழங்குகிறது. இங்கே அரச வைத்தியசாலையில் இன்சுலின் இலவசம். ஸ்ட்ரிப்பைப் பெரும்பாலும் காசுக்குத்தான் வாங்கவேண்டும். கூலி வேலைக்குப் போகும் தகப்பன் எத்தனை பெட்டி வாங்குவார்? ஆடி, ஆவணியில் திருவிழாவுக்கு வரும்போது மாமாமாரும் சித்திமாரும் பயணப்பெட்டி நிறையச் சொக்கிலேற் கொண்டுவருகிறீர்கள். அந்தப் பிள்ளைக்கும் ஒரு பங்கு கொடுங்கள், ஒதுக்கி வைக்கவேண்டாம். ஊசியோடு சேர்த்துக் கணக்கிட்டு அது சாப்பிடும். ஆனால் பெட்டியின் ஒரு மூலையில் ஸ்ட்ரிப்பும் வையுங்கள். வாங்குமுன் பிள்ளையிடம் உள்ள மானியின் பெயரைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மானியின் ஸ்ட்ரிப் மற்றொன்றில் வேலை செய்யாது. காலாவதித் திகதியையும் பாருங்கள். கேட்கும்போது தாயிடம் இரகசியமாகக் கேட்காமல், பிள்ளையிடமே நேரே கேளுங்கள்.